ஒரே எச்பிவி தொற்று, ஒருவருக்கு எதிர்ப்பொருள் உண்டு, மற்றவருக்கு இல்லை: ஏன்?

கேள்வி இதுதான். இரண்டு பெண்களுக்குக் கருப்பை வாய்ச் சோதனையில் எச்பிவி (கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) 16 வகைத் தொற்று இருப்பது உறுதியாகிறது. ஓராண்டு கழித்து இருவரின் இரத்தத்தையும் சோதித்தால், ஒருவரிடம் அந்த வகைக்கு எதிரான எதிர்ப்பொருள் (கிருமியைப் பிடிக்க உடல் உருவாக்கும் புரதம்) இருக்கிறது, மற்றவரிடம் இல்லை. இல்லாதவருக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைவு என்று கொள்ளலாமா? வயது, புகைப்பழக்கம், கருத்தடை மாத்திரை, பிற தொற்றுகள் ஆகியவற்றுக்கு இதில் எவ்வளவு பங்கு? அந்த இரத்தப் பரிசோதனையை எல்லோரும் செய்துகொள்ள வேண்டுமா?

அப்படிக் கொள்ளக் கூடாது என்பதே முதல் கேள்விக்கான பதில். இந்தத் தொற்றுக்குப் பின் எதிர்ப்பொருள் உருவாவதும் உருவாகாமல் போவதும், வைரஸ் எவ்வளவு காலம் தங்கியது, எவ்வளவு துகள்களை உற்பத்தி செய்தது, அவற்றில் கொஞ்சமேனும் நோய் எதிர்ப்புச் செல்கள் கூடும் நிணநீர் முடிச்சு வரை போய்ச் சேர்ந்ததா என்பதைத்தான் பெரிதும் பொறுத்திருக்கிறது. ஆய்வுகளில் 'காரணிகள்' என்று பட்டியலிடப்படும் மற்றவை பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றின் வழியாகவே செயல்படுகின்றன. தனிப் பங்கு உடைய காரணிகளும் உண்டு. ஆனால் அவற்றின் அளவு சிறியது, பிரித்து அளப்பதும் எளிதன்று.

இதைப் புரிந்துகொள்ள இந்த வைரஸ் வாழும் முறையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். எச்பிவி சுமார் 55 நானோமீட்டர் விட்டமுள்ள மிகச் சிறிய துகள். அதன் வெளிக்கூடு எல்1 என்ற ஒரே புரதத்தின் 360 பிரதிகள் ஐந்தைந்தாகச் சேர்ந்து 72 கொத்துகளாக அடுக்கப்பட்டதால் ஆனது. கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பு ஒன்றின் வழியாக அது மேல்படலத்தின் அடித்தள அடுக்கை அடைந்து, அங்குள்ள செல்லுக்குள் நுழைகிறது. அந்த ஆழத்தில் அது கூட்டுப் புரதத்தை உற்பத்தி செய்வதே இல்லை. தன் டிஎன்ஏவின் சில பிரதிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒடுங்கியிருக்கிறது. அந்தச் செல் முதிர்ந்து மேலே நகர நகரத்தான் வைரஸ் விழித்துக்கொள்கிறது. எல்1 புரதம் உருவாவதும் புதிய துகள்கள் கட்டப்படுவதும், எப்படியும் உதிர்ந்துபோக இருக்கும் மேலடுக்குச் செல்களில்தான் நடக்கின்றன. எனவே வைரஸ் எந்தச் செல்லையும் வெடிக்கச் செய்ய வேண்டியதில்லை. செல் தானாக உதிரும்போது அதனுடன் வைரஸும் வெளியேறிவிடுகிறது.

நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது மிக மோசமான ஏற்பாடு. இரத்தத்தில் வைரஸ் பரவுவதில்லை. செல்கள் சிதையாததால் அழற்சியும் ஏற்படுவதில்லை, காய்ச்சலோ வலியோ இல்லை. எதிர்ப்பொருளைத் தூண்டக்கூடிய கூட்டுப் புரதம், இரத்த நாளங்களும் நிணநீர் நாளங்களும் எட்டாத உச்சி அடுக்கில் மட்டுமே கிடைக்கிறது. போதாக்குறைக்கு, வைரஸின் இ6, இ7 புரதங்கள், தொற்றுக்குள்ளான செல் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தின் வழியாக விடுக்கும் எச்சரிக்கையை மட்டுப்படுத்துகின்றன. மேல்படலத்தில் காவல் நிற்கும் லாங்கர்ஹான்ஸ் செல்களின் எண்ணிக்கையும் தொற்றுள்ள இடத்தில் குறைகிறது. துகளைப் பிடித்து நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டிய செல்லே இல்லையென்றால், எதிர்ப்பொருளை உருவாக்கும் பி செல்லுக்குச் செய்தி எப்படி எட்டும்? இந்த நிலையில் பல பெண்களுக்கு எதிர்ப்பொருள் உருவாகாமல் போவதைவிட, பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு உருவாகிறது என்பதுதான் எனக்கு வியப்பளிக்கிறது.

பாதிக்கு மேல் என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பல்கலைக்கழக மாணவிகளைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வின் முடிவுகள் 2000ஆம் ஆண்டில் வெளியாயின. புதிதாகத் தொற்று ஏற்பட்டு, அது டிஎன்ஏ சோதனையில் உறுதியான பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டு, 18 மாதங்களுக்குள் எத்தனை பேருக்கு எதிர்ப்பொருள் தோன்றியது என்று அதில் பார்த்தார்கள். எச்பிவி 16க்கு 59.5 சதவீதம், எச்பிவி 18க்கு 54.1 சதவீதம், பிறப்புறுப்பு மருவை உண்டாக்கும் எச்பிவி 6க்கு 68.8 சதவீதம் என்று கிடைத்தது. சதவீதங்களைவிட, அவை எப்போது தோன்றின என்பது இன்னும் சுவையானது. எச்பிவி 6க்கான எதிர்ப்பொருள் டிஎன்ஏ கண்டறியப்பட்ட வேளையிலேயே காணப்பட்டது. எச்பிவி 16, 18 ஆகியவற்றுக்கோ பெரும்பாலும் 6 முதல் 12 மாதங்கள் கழித்தே தோன்றியது. மறுபுறம், தாமதமாகத் தோன்றிய 16, 18 வகை எதிர்ப்பொருள்கள் நீடித்து நின்றன. சீக்கிரம் வந்த எச்பிவி 6 எதிர்ப்பொருள் அந்த அளவுக்கு நீடிக்கவில்லை. ஆக, வைரஸின் வகையே முதல் காரணி. ஒருவருக்கு இருப்பது எந்த வகை என்று சொல்லாமல் 'எச்பிவி எதிர்ப்பொருள்' என்று பொதுவாகப் பேசுவதில் பயனில்லை.

அதே ஆய்வு காட்டிய இன்னொன்று, தொற்று தங்கியிருக்கும் காலத்தின் முக்கியத்துவம். ஒருமுறை மட்டும் தென்பட்டு மறைந்த தொற்று உள்ளவர்கள் எதிர்ப்பொருள் இல்லாமலே இருந்துவிடும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அடுத்தடுத்த வருகைகளிலும் டிஎன்ஏ காணப்பட்டவர்களிடம் எதிர்ப்பொருள் உருவாகும் வாய்ப்பு அதிகம். இது மேலே சொன்ன வாழ்க்கை முறையோடு பொருந்துகிறது: நாள் கூடக் கூட உதிரும் துகள்கள் கூடும், அவற்றில் சில சிராய்ப்பு வழியாக உள்ளே சென்று லாங்கர்ஹான்ஸ் செல்லிடம் சிக்கும் வாய்ப்பும் கூடும். வைரஸ் சுமை, அதாவது வைரஸின் அளவு, அதிகமாக இருந்தவர்களிடம் எதிர்ப்பொருள் கூடுதலாகக் காணப்படுவதற்கும் இதே விளக்கம்தான். ஆயினும் இது முழுமையான விதி அன்று. நீண்ட காலம் தொற்று நீடித்தும் கடைசி வரை எதிர்ப்பொருள் தோன்றாத பெண்களும் அந்த ஆய்வில் இருந்தார்கள்.

இங்கே ஒரு முரண் வெளிப்படுகிறது. எச்பிவி தொற்றுகளில் ஏறத்தாழ 90 சதவீதம் இரண்டாண்டுகளுக்குள் மறைந்துவிடுகின்றன. அவற்றை ஒழிப்பது எதிர்ப்பொருள் அன்று, தொற்றுள்ள செல்களைக் கண்டு அழிக்கும் டி செல்கள். தானாகச் சுருங்கி மறையும் மருக்களைத் திசுவியல் முறையில் பார்த்தால் அவற்றுக்குள் டி செல்கள் குவிந்திருப்பதைக் காணலாம். டி செல்கள் குறைந்தவர்களை எச்பிவி கடுமையாகத் தாக்குகிறது. எதிர்ப்பொருள் மட்டும் குறைபட்டவர்களிடம் பொதுவாக அந்த அளவு கடுமை காணப்படுவதில்லை. எனவே ஒரு பெண்ணின் டி செல்கள் மூன்று நான்கு மாதங்களில் வைரஸை விரட்டிவிட்டால், எதிர்ப்பொருள் உருவாகும் அளவுக்கு வைரஸுக்கு அவகாசமே கிடைத்திருக்காது. கேள்வியில் வரும் இரண்டாவது பெண் அப்படிப்பட்டவராக இருக்கலாம். எதிர்ப்பொருள் தோன்றிய முதல் பெண்ணிடம் வைரஸ் அதிக காலம் தங்கியிருக்கலாம். இரத்த அறிக்கையை மட்டும் வைத்து யாருடைய உடல் நன்றாகப் போராடியது என்று தீர்ப்புச் சொல்ல முயன்றால், தீர்ப்பு தலைகீழாகிவிடவும் கூடும்.

பெண், ஆண் வேறுபாடும் இதே தர்க்கத்தில் வருகிறது. அமெரிக்காவில் 2003, 2004ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய அளவிலான ஆய்வில் 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளில் ஏதேனும் ஒன்றுக்கு எதிர்ப்பொருள் இருந்த பெண்கள் 32.5 சதவீதம், ஆண்கள் 12.2 சதவீதம். ஆண்களுக்கு இந்தத் தொற்று அரிது என்பது இதன் பொருளன்று. ஆண்களிடம் தொற்று பெரும்பாலும் கெரட்டின் என்ற கடினப் புரதம் படிந்த தோலில் ஏற்படுகிறது. பெண்களிடம் ஈரமான சளிப்படலத்தில் ஏற்படுகிறது. சளிப்படலத்தின் அடியில் நோய் எதிர்ப்புச் செல்களும் நிணநீர் நாளங்களும் அருகிலேயே இருப்பதால் அங்கே செய்தி எளிதில் கடத்தப்படுகிறது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

மற்ற காரணிகளுக்குப் போகும் முன், ஆய்வுகளை வாசிப்பது பற்றி ஒரு எச்சரிக்கை தேவை. பல ஆய்வுகள் ஒரு மக்கள் தொகையிலிருந்து பெண்களைப் பொதுவாகத் தெரிந்தெடுத்து, எதிர்ப்பொருள் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிடுகின்றன. வாழ்நாளில் இருந்த பாலுறவுத் துணைகளின் எண்ணிக்கையே மிக வலுவான காரணி என்று அவற்றில் கிட்டத்தட்ட எப்போதும் தெரியவருகிறது. அது தொற்றுக்கு ஆளாகும் வாய்ப்பைக் காட்டுகிறதே தவிர, தொற்றுக்குப் பின் உடல் எப்படி எதிர்வினை ஆற்றுகிறது என்பதைக் காட்டவில்லை. இந்த இரண்டையும் பிரிக்க வேண்டுமானால், டிஎன்ஏ சோதனையில் தொற்று உறுதியானவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு அவர்களுக்குள் ஒப்பிட வேண்டும். அப்படிச் செய்யாத ஆய்வில் 'இந்தப் பழக்கம் எதிர்ப்பொருளைக் கூட்டுகிறது' என்ற வரி வந்தால், அதை நான் 'இந்தப் பழக்கம் உள்ளவர்களுக்குத் தொற்று அதிகம் வந்திருக்கிறது' என்றுதான் முதலில் வாசிப்பேன்.

வயதை இந்த எச்சரிக்கையோடுதான் பார்க்க வேண்டும். பதின்ம வயதின் இறுதியிலிருந்து எதிர்ப்பொருள் உள்ள பெண்களின் விகிதம் ஏறிக்கொண்டே போய், முப்பதுகளில் உச்சம் தொட்டு, பிறகு சமன்பட்டோ சற்றுக் குறைந்தோ போகிறது. ஏற்றத்துக்குக் காரணம், ஆண்டுகள் செல்லச் செல்லத் தொற்றுகள் சேர்ந்துகொண்டே வருவது. இறக்கத்துக்குக் காரணம், பழைய எதிர்ப்பொருள் தேய்வதாக இருக்கலாம், அல்லது மூத்த தலைமுறைப் பெண்கள் இளமையில் குறைவான தொற்றுக்கே ஆளாகியிருந்ததாக இருக்கலாம். ஒருமுறை மட்டும் இரத்தம் எடுத்த ஆய்வால் இவற்றைப் பிரித்தறிய முடியாது. உடலின் எதிர்வினைத் திறன் வயதோடு மாறுவதைத் தெளிவாகக் காண வேண்டுமானால் தடுப்பூசித் தரவுகளைப் பார்க்க வேண்டும். அங்கே எல்லோரும் ஒரே அளவை ஒரே வழியில் பெறுகிறார்கள். 9 முதல் 15 வயதுச் சிறுமிகளின் எதிர்ப்பொருள் அளவு, 16 முதல் 26 வயதுப் பெண்களுடையதைவிட ஏறக்குறைய இரு மடங்காக இருப்பது தெரிகிறது.

புகைப்பழக்கம் தனிப் பங்கு உடைய காரணி என்று நம்ப ஓரளவு அடிப்படை இருக்கிறது. எச்பிவி 16, 18 தொற்று உள்ள பெண்களில் புகைப்பவர்களுக்கு எதிர்ப்பொருள் உருவாவது குறைவு என்று 2008இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நிகோட்டினும் அதன் சிதைவுப் பொருளான கோட்டினினும் கருப்பை வாய்ச் சளியில் சேர்கின்றன. புகைப்பவர்களின் கருப்பை வாயில் லாங்கர்ஹான்ஸ் செல்கள் குறைந்திருப்பதும் முன்பே காணப்பட்டது. எனவே வழிமுறை நம்பத்தக்கது. கருத்தடை மாத்திரை குறித்த முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. மகப்பேறுகளின் எண்ணிக்கையும் அவ்வாறே. கிளமிடியா, ஹெர்பிஸ் போன்ற பிற பாலியல் தொற்றுகள் உள்ளவர்களிடம் எச்பிவி எதிர்ப்பொருள் அதிகம் காணப்படுவதில் வியப்பில்லை, ஏனெனில் இவை யாவும் ஒரே வழியில் பரவுபவை. கிருமியின் துண்டுகளை நோய் எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டும் புரதங்களுக்கான எச்எல்ஏ மரபணுக்களின் வேறுபாடுகளுக்கும் பங்கு இருக்க வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. ஆனால் ஒரு தனிப்பட்ட பெண்ணிடம் அதை வைத்து எதையும் முன்கூட்டிச் சொல்லும் நிலை இல்லை.

எச்ஐவி சற்று நின்று பார்க்க வேண்டிய விஷயம். எச்ஐவி உள்ள பெண்களிடம் எச்பிவி எதிர்ப்பொருள் குறைவாக இருக்கும் என்றுதான் முதலில் தோன்றும். பல ஆய்வுகளில் அது கூடுதலாகவே இருக்கிறது. டி செல்கள் குறைந்திருப்பதால் எச்பிவி மறையாமல் நீடிக்கிறது, சுமை கூடுகிறது, பல வகைகள் ஒரே நேரத்தில் குடியிருக்கின்றன. எனவே பி செல்கள் கூட்டுப் புரதத்தைச் சந்திக்கும் வாய்ப்பு பெருகுகிறது. அப்படி உருவாகும் எதிர்ப்பொருள், ஏற்கெனவே உள்ளே இருக்கும் தொற்றை அகற்ற உதவுவதில்லை. எதிர்ப்பொருளின் அளவை உடல் வலிமையின் அளவாக எடுத்துக்கொள்வது ஏன் தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இனி, பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகும் ஒரு காரணி: சோதனை முறை. எச்பிவிக்கு எதிரான பயனுள்ள எதிர்ப்பொருள்கள் எல்1 புரதத்தின் வடிவத்தைப் பிடித்துக்கொள்பவை. புரதம் மடிப்பு குலைந்து தட்டையாகிவிட்டால் அவை அதை அடையாளம் காண்பதில்லை. அதனால்தான் 1990களின் தொடக்கத்தில் எல்1 புரதம் தானாகவே ஒன்றுகூடி வைரஸ் போன்ற வெற்றுத் துகளாக மாறுகிறது என்று கண்டறியப்பட்ட பிறகே நம்பகமான இரத்தச் சோதனை சாத்தியமாயிற்று. இன்று குறைந்தது மூன்று வகைச் சோதனைகள் புழக்கத்தில் உள்ளன. எலைசா முறை, துகளில் எங்கு ஒட்டினாலும் எல்லா எதிர்ப்பொருளையும் கணக்கெடுக்கிறது. போட்டி முறையில் அமைந்த லூமினெக்ஸ் சோதனை, துகளின் குறிப்பிட்ட ஓர் இடத்தை மறைக்கும் எதிர்ப்பொருளை மட்டும் எண்ணுகிறது. நடுநிலையாக்கச் சோதனையோ, ஆய்வகத்தில் செய்த போலி வைரஸ் செல்லுக்குள் நுழைவதை எதிர்ப்பொருள் தடுக்கிறதா என்று நேரடியாகப் பார்க்கிறது. ஒரே பெண்ணின் இரத்தம் ஒரு சோதனையில் 'உண்டு' என்றும் மற்றொன்றில் 'இல்லை' என்றும் வரலாம். தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண்களிடையே சில ஆண்டுகள் கழித்து எச்பிவி 18க்கான அளவு போட்டிச் சோதனையின் வரம்புக்குக் கீழே போனவர்கள் கணிசமாக இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு இருந்த பாதுகாப்பு குறையவில்லை.

வரம்பு என்பதும் மனிதர் வகுத்ததுதான். பாலுறவு அனுபவம் இல்லாதவர்களின் இரத்தத்தை அளந்து, அவர்களுக்கு மேலே ஒரு கோடு கிழித்து, அதைத் தாண்டியவர்களை 'எதிர்ப்பொருள் உள்ளவர்கள்' என்கிறார்கள். இயற்கைத் தொற்றில் உருவாகும் எதிர்ப்பொருளின் அளவு மிகக் குறைவாக இருப்பதால், அந்தக் கோட்டுக்கு அருகிலேயே பலர் குவிந்திருப்பார்கள். கோட்டைச் சற்று ஏற்றினாலோ இறக்கினாலோ விகிதம் மாறிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச ஒப்பீட்டு மாதிரிகள் வந்த பின்தான் வெவ்வேறு ஆய்வகங்களின் எண்களை அருகருகே வைத்துப் பேச ஓரளவு வழி பிறந்தது. இதோடு வகைகளுக்கிடையிலான உறவும் சேர்ந்துகொள்கிறது. எச்பிவி 6உம் 11உம் நெருங்கிய உறவினர். 16க்கு 31உம் 18க்கு 45உம் அப்படியே. ஒன்றுக்கு எதிராக எழுந்த எதிர்ப்பொருள் மற்றொன்றின் சோதனையில் சிறிது ஒளிரக்கூடும்.

இரத்தத்தில் அளப்பதும் கருப்பை வாயில் இருப்பதும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக் கூடாது. எதிர்ப்பொருள்களில் ஐஜிஜி, ஐஜிஏ என்ற வகைகள் உண்டு. கருப்பை வாய்ச் சளியில் உள்ள ஐஜிஜி பெரும்பாலும் இரத்தத்திலிருந்து கசிந்து வருவது. அங்கேயே சுரக்கும் ஐஜிஏ வேறு. தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண்களின் சளியை மாதச் சுழற்சி முழுவதும் அளந்த 2003ஆம் ஆண்டு ஆய்வில், சினைமுட்டை வெளியேறும் நாட்களை ஒட்டி எச்பிவி 16க்கு எதிரான எதிர்ப்பொருள் ஏறத்தாழ ஒன்பது மடங்கு குறைந்தது. கருத்தடை மாத்திரை உட்கொண்டவர்களிடம் அந்த ஏற்ற இறக்கம் இல்லை. எனவே சளியை அடிப்படையாகக் கொண்ட ஆய்வு எதுவாயினும், மாதிரி எடுத்த நாள் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

சரி, தொற்றுக்குப் பின் உருவான எதிர்ப்பொருள் மறுதொற்றைத் தடுக்குமா? ஓரளவு தடுக்கும். கோஸ்டா ரிகா நாட்டில் நடந்த தடுப்பூசி ஆய்வில், எச்பிவி தடுப்பூசி பெறாத ஒப்பீட்டுக் குழுப் பெண்களைப் பின்தொடர்ந்தபோது, எதிர்ப்பொருள் அளவில் உச்ச மூன்றில் ஒரு பங்கில் இருந்தவர்களுக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் எச்பிவி 16 தொற்று ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. குறைந்த அளவு உள்ளவர்களிடம் அப்படித் தெளிவான பயன் தெரியவில்லை. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2016இல் வெளியான பகுப்பாய்வு, பெண்களுக்கு எச்பிவி 16இல் சுமார் 35 சதவீதம், 18இல் சுமார் 30 சதவீதம் குறைவு என்று கணக்கிட்டது. ஆண்களிடம் அத்தகைய பாதுகாப்பு காணப்படவில்லை.

தடுப்பூசி இதிலிருந்து வேறுபடுவது மேலே சொன்ன எல்லாத் தடைகளையும் ஒரே அடியில் தாண்டிவிடுவதால்தான். மேலே சொன்ன எல்1 வெற்றுத் துகள்களால் ஆன அது, உதிரும் செல்லுக்குள் ஒளிந்திருப்பதில்லை. தசைக்குள் செலுத்தப்பட்டு நேரே நிணநீர் முடிச்சை அடைகிறது. சீரான இடைவெளியில் நெருக்கமாக அடுக்கப்பட்ட எல்1 கொத்துகள் பி செல்லின் பல ஏற்பிகளை ஒரே சமயத்தில் இணைத்து இழுப்பதால், எதிர்ப்பொருளைத் தொடர்ந்து சுரக்கும், நெடுங்காலம் வாழும் பிளாஸ்மா செல்கள் உருவாகி எலும்பு மஜ்ஜையில் தங்குகின்றன. தடுப்பூசி பெற்றவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் எதிர்ப்பொருள் உருவாகிறது. முழுத் தவணையின் பின் அதன் அளவு இயற்கைத் தொற்றைவிடப் பத்து மடங்கு முதல் நூறு மடங்கு வரை உயர்கிறது. கோஸ்டா ரிகாவில் ஒரே தவணை மட்டும் பெற்ற பெண்களிடம்கூட நான்கு ஆண்டுகள் கழித்து எச்பிவி 16க்கான அளவு இயற்கைத் தொற்றில் காண்பதைவிட ஒன்பது மடங்காகவும், 18க்கு ஐந்து மடங்காகவும் நிலைத்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஒற்றைத் தவணையை ஏற்றதற்குப் பின்னால் இத்தகைய தரவுகள் இருந்தன.

குழப்பம் நேராமல் இருக்க ஒன்றைத் தனியே சொல்லிவிடுகிறேன். வைரஸின் இ6, இ7 புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள் வேறு கதை. அவை சாதாரணத் தொற்றில் அரிதாகவே தோன்றுகின்றன. பெரும்பாலும் புற்றுநோய் ஊடுருவத் தொடங்கிய பின்பே கருப்பை வாய் நோயாளிகளில் ஒரு பகுதியினரிடம் காணப்படுகின்றன. தொண்டைப் பகுதிப் புற்றுநோயில் எச்பிவி 16 இ6 எதிர்ப்பொருள் நோய் கண்டறியப்படுவதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்பே தென்பட்டிருக்கிறது. எல்1 எதிர்ப்பொருள் பற்றிய செய்தியை இதனோடு கலந்து வாசித்துவிட்டுத் தேவையில்லாமல் அஞ்சுபவர்கள் உண்டு.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். தனிப்பட்ட பெண்ணின் சிகிச்சை முடிவுக்கு எச்பிவி எதிர்ப்பொருள் சோதனை பயன்படுவதில்லை. அது மக்கள் தொகை ஆய்வுக்கும் தடுப்பூசி ஆய்வுக்கும் உரிய கருவி. 'உண்டு' என்று வந்தால், தொற்று இப்போது இருக்கிறதா, பத்தாண்டுகளுக்கு முன் வந்து போனதா என்று அது சொல்லாது. 'இல்லை' என்று வந்தால், தொற்றே வந்ததில்லை என்றும் ஆகாது. தடுப்பூசி போடலாமா என்று முடிவெடுக்கவும் இந்தச் சோதனை வேண்டியதில்லை. ஒரு வகைக்கு எதிர்ப்பொருள் இருந்தாலும் தடுப்பூசியில் உள்ள மற்ற வகைகளுக்கு எதிரான பயன் குறைவதில்லை. கேள்வியில் வரும் இரு பெண்களும் செய்ய வேண்டியது ஒன்றேதான்: மருத்துவர் சொன்ன இடைவெளியில் கருப்பை வாயிலிருந்து மாதிரி எடுத்து டிஎன்ஏ சோதனையை மீண்டும் செய்து, எச்பிவி 16 மறைந்துவிட்டதா, நீடிக்கிறதா என்று பார்ப்பது, நீடித்தால் கால்போஸ்கோப்பி (கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும்) பரிசோதனைக்குப் போவது. எதிர்ப்பொருள் இருக்கிறது என்பதற்காக முதல் பெண் அதைத் தள்ளிப்போடக் கூடாது.